குமுளி மலையில் கேரவன் என்ன மைலேஜ் தரும்? விடை தேடியே வாழ்ந்த ருடால்ஃப் டீசலின் கதை

தேனியில் கிளம்பி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை ஓட்டிப் பாருங்கள். வாழைத் தோட்டமும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும். சாலை பெரும்பாலும் சமதளம். வண்டி சத்தமில்லாமல் போகும், டேஷ்போர்டில் மைலேஜ் எண்ணும் பார்க்க அழகாக இருக்கும். லோயர் கேம்ப் தாண்டியதும் கதை மாறிவிடும். குமுளி வரை மலைப்பாதை. கியர் இறங்கும், இன்ஜின் உறுமும், மைலேஜ் எண் சரசரவென்று சரியும்.

படுக்கை, சமையல் மேடை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய கேரவன் என்றால் இந்தச் சரிவு இன்னும் மோசம். 2021-ல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமனில் கேரவன் பார்க்கும் வந்தபிறகு, தேனி வழியாக மலையேறி ஒரு ட்ரிப் போகலாமா என்று யோசிக்கும் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வாடகை. இரண்டாவது, வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்பது.

இந்த இரண்டாவது கேள்விக்காகவே தன் வாழ்நாளைச் செலவழித்தவர் ருடால்ஃப் டீசல். எரிபொருளில் இருக்கும் வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது, எவ்வளவு வீணாகிறது? அவர் கேட்டது இவ்வளவுதான். பங்கில் தினமும் நாம் உச்சரிக்கும் பெயர் ஒரு மனிதருடையது என்பதே பலருக்குத் தெரியாது. அந்த மனிதர் தன் இன்ஜின் பொருத்திய கார் ஒன்று சாலையில் ஓடுவதைப் பார்க்காமலேயே, கடனாளியாகக் கடலில் மறைந்தார்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் பையன்

டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸில். பெற்றோர் பவேரியாவிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பா புத்தக பைண்டிங்கும் தோல் பொருட்களும் செய்பவர். வசதியான வீடு இல்லை. பையனுக்குப் பிடித்த இடம் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கே 18-ம் நூற்றாண்டில் க்யூனோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் செய்த நீராவி வண்டி இருந்தது. பீரங்கி இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதாவது உலகின் முதல் தானியங்கி வண்டியே டோயிங் வேலைக்காகப் பிறந்ததுதான். அந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து இயந்திரங்களை வரைந்து தள்ளினான் சிறுவன் ருடால்ஃப்.

1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டன் போனது. அங்கே கஷ்டம். 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பையன் படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இன்ஜினீயர் ஆகப்போவதாக 14 வயதிலேயே வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

உதவித்தொகையில் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே பேராசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர்போனவர், நம் வீட்டு ஃப்ரிட்ஜின் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய வகுப்பில் ஒருநாள், நீராவி இன்ஜின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதத்தை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன என்று சொல்லப்பட்டது. மீதி 90 சதவீதம் புகைபோக்கி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் போய்விடுகிறது. மற்ற மாணவர்கள் குறிப்பெடுத்துவிட்டு நகர்ந்தார்கள். டீசலுக்கு அந்த 90 சதவீதம் மண்டைக்குள் குடையும் வண்டாகிவிட்டது.

டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு தள்ளிப்போனது. 1880-ல் கல்லூரி அதுவரை பார்த்ததிலேயே மிகச்சிறந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். லிண்டேயே வேலை கொடுத்தார். பாரிஸில் ஐஸ் ஃபேக்டரி வேலை. 1883-ல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ், ராத்திரியில் இன்ஜின். முதலில் நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியில் இயங்கும் இன்ஜினை முயன்றார். பல வருட உழைப்பு அது. தேறவில்லை.

காற்றை அமுக்கினால் தீ

தென்கிழக்கு ஆசியாவில் பழங்காலத்திலிருந்தே ஒரு கருவி உண்டு. மூங்கிலிலோ கொம்பிலோ செய்த சிறு குழாய். உள்ளே இறுக்கமான ஒரு தண்டு. நுனியில் கொஞ்சம் பஞ்சு. தண்டைப் பட்டென்று உள்ளே அடித்து வெளியே இழுத்தால் பஞ்சில் தீ கனன்றுகொண்டிருக்கும். தீக்குச்சி வேண்டாம், சிக்கிமுக்கிக் கல்லும் வேண்டாம். லிண்டே இதை மியூனிக்கில் செய்து காட்ட, டீசலுக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். இது எவ்வளவு தூரம் நேரடித் தூண்டுதல் என்பதில் வாதம் உண்டு. ஆனால் தத்துவம் அதேதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமில்லையா? அதே விஷயம். காற்றை வேகமாக, பலமாக அமுக்கினால் சூடேறும். போதுமான அளவு அமுக்கிவிட்டால் அதில் தெளிக்கும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை.

இதில் மைலேஜ் எங்கே வருகிறது? வாயுவை எவ்வளவு அதிகமாக அமுக்கி, பிறகு எவ்வளவு அதிகமாக விரியவிடுகிறோமோ, அந்த அளவுக்கு வெப்பம் வேலையாக மாறும். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே போகின்றன. ரொம்ப அமுக்கினால் நேரத்துக்கு முன்பே வெடித்து, டக் டக்கென்று தட்டும் சத்தம் வரும். அதனால் பொதுவாக 10 மடங்கு, 12 மடங்கோடு நிறுத்திக்கொள்வார்கள். டீசலில் அமுக்கப்படுவது வெறும் காற்று. முன்கூட்டியே வெடிக்க அதில் எதுவும் இல்லை. 15 முதல் 20 மடங்கு வரை தாராளமாகப் போகலாம்.

1892 பிப்ரவரியில் பெர்லினில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த வருடம் கிடைத்தது. கூடவே ஒரு புத்தகமும் வெளியிட்டார். காகிதத்தில் அவர் போட்ட கணக்குப்படி அந்த இன்ஜினின் உச்சகட்டத் திறன் 73 சதவீதம்! அதற்கு அவர் எதிர்பார்த்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 250 மடங்கு. அன்றைய இரும்பும் அன்றைய லேத் பட்டறையும் அதைத் தாங்காது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். டீசலும் கணக்கை மாற்றி மாற்றி, கடைசியில் 30 சொச்சத்துக்கு இறங்கிவந்தார். ஷோரூமில் சொல்லும் மைலேஜுக்கும் ரோட்டில் கிடைக்கும் மைலேஜுக்கும் உள்ள இடைவெளியை டீசலே தொடங்கிவைத்தார் என்று சொன்னால் தப்பில்லை. அந்த இடைவெளியை அவர் மறைக்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

ஆக்ஸ்பர்க் பட்டறை

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடமும் ஆட்களும் கொடுத்தது. பிற்காலத்தில் மேன் என்ற பெயரில் லாரி செய்த நிறுவனத்தின் மூதாதை அது. க்ரூப் நிறுவனமும் பணம் போட்டது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. உள்ளே எரிபொருள் பற்றிய வேகத்தில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இன்ஜின் சொந்தமாக ஓடவில்லை. ஆனால் காற்றை அமுக்கியே பற்றவைக்கலாம் என்பது உறுதியாகிவிட்டது. டீசலுக்கு அது போதுமாக இருந்தது.

1894 பிப்ரவரி 17. பட்டறையின் பெல்ட் மூலம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெல்ட்டின் இழுவை மாறியது. இன்ஜின் இப்போது பெல்ட்டை இழுக்கிறது! சுமார் ஒரு நிமிடம், 88 சுற்றுகள். பக்கத்தில் நின்ற மெக்கானிக்தான் இதை முதலில் கவனித்து, ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தாராம்.

தேனிக்காரர்களுக்கு வெள்ளைக்கார இன்ஜினீயர் என்றால் பென்னிகுவிக்தான். வீட்டில் படம் மாட்டி, பிள்ளைக்குப் பெயர் வைத்து, லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் கண்ட மனிதர். அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே வருடக் கோடையில் ஆக்ஸ்பர்க்கில் டீசலின் இன்ஜின் சுமார் 16 சதவீதத் திறனைத் தொட்டிருந்தது. ஒருவர் மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைத் திருப்பினார். இன்னொருவர் புகையில் போய்க்கொண்டிருந்த வெப்பத்தைப் பிடிக்கப் பார்த்தார்.

1897 பிப்ரவரி 17-ல் அதிகாரபூர்வ சோதனை. நடத்தியவர் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர். ஒற்றை சிலிண்டர், விட்டம் 25 செ.மீ., வீச்சு 40 செ.மீ., சக்தி சுமார் 20 குதிரைத்திறன். எரிபொருள் மண்ணெண்ணெய். ஷ்ரோட்டர் செய்தது நாம் டேங்க் நிரப்பி மைலேஜ் பார்ப்பது போலத்தான்: எவ்வளவு எரிபொருள் உள்ளே போனது, எவ்வளவு வேலை வெளியே வந்தது. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 238 கிராம். திறன் 26.2 சதவீதம். 73 எங்கே, 26 எங்கே என்று கேட்கலாம். ஆனால் அன்று உலகில் வேறெந்த இன்ஜினும் அந்த 26-ஐ எட்டியிருக்கவில்லை. அந்த இன்ஜின் இன்றும் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆளைவிட உயரம்.

லோயர் கேம்ப் கணக்கு

அந்த சதவீதங்கள் நம் பர்ஸுக்கு என்ன செய்கின்றன என்று குமுளி மலையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

நான்கு டன் எடையுள்ள கேரவன். ஏற்றம் 500 மீட்டர் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் தேவைப்படும் ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். ஆக, ஒரு சொட்டு வெப்பமும் வீணாகாத இன்ஜின் இருந்தால் அரை லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செலவாகும், அவ்வளவுதான்.

டீசல் காகிதத்தில் கனவு கண்ட 73 சதவீத இன்ஜினுக்கு முக்கால் லிட்டர் பிடிக்கும். 1897-ல் கையில் கிடைத்த இன்ஜினுக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிண்டே வகுப்பில் சொன்ன நீராவி இன்ஜின் 10 சதவீதமே என்றால் அதே வெப்பத்துக்கு ஐந்தரை லிட்டர் வேண்டும். இன்றைய வேன் இன்ஜின் மலையில் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று கொண்டால் சுமார் 1.6 லிட்டர். அதே வண்டியில் பெட்ரோல் இன்ஜின் என்றால், லிட்டருக்கு ஆற்றலும் சுமார் 32 மெகாஜூல்தான், திறனும் கொஞ்சம் கம்மி, எனவே 2 லிட்டரைத் தாண்டிவிடும். இதெல்லாம் உயரே தூக்குவதற்கு மட்டும். டயர் உராய்வு, காற்று, ஏசி எல்லாம் தனிக் கணக்கு.

பின்னால் ஒரு டன் ட்ரெய்லர் மாட்டினால்? தூக்குவதற்கு மட்டும் இன்னொரு 0.4 லிட்டர். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு சுற்றி போடிமெட்டு ஏறினால் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, எனவே எல்லா எண்ணையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வண்டியில் சும்மா கிடக்கும் 100 லிட்டர் தண்ணீர் எவ்வளவு குடிக்கும் என்றும் இதே மாதிரி கணக்குப் போடலாம். குமுளி ஏற்றத்தில் 40 மில்லிக்கு மேல் போகாது. ஆக, தண்ணீரைக் கொட்டிவிட்டு மைலேஜ் பார்க்கிறேன் என்று நிற்பதில் பெரிய லாபமில்லை.

சமதளத்தில் எதிரி எடை அல்ல, காற்று. கேரவன் உயரமான பெட்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். ஆண்டிப்பட்டி பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தேனியிலிருந்து கம்பம் நோக்கி 70 கிமீ வேகத்தில் போகும்போது எதிரே 30 கிமீ காற்று அடித்தால், வண்டி சந்திப்பது 100 கிமீ காற்று. எதிர்ப்பு இரண்டு மடங்கு. அன்று 55-ல் போனால் மைலேஜில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிவிடும். அதனால்தான் ஒருவழி மைலேஜை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. தேனியில் டேங்க்கை வழிய நிரப்பி, போய்வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுக்க வேண்டும்.

இழுவைக்கு ஏன் டீசல் என்ற கேள்விக்கும் விடை இதே தத்துவத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் அதிகம் என்பதால், டர்போ சேர்ந்த டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பலமாகத் திருகும். ஆக்ஸிலேட்டரை விரட்டாமலேயே வண்டி நகரும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்களும், வாழைத்தார் ஏற்றிய ட்ராக்டர் ட்ரெய்லர்களும் டீசலில் ஓடுவது சும்மா இல்லை. அதோடு பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சுமையில் காற்று வரும் வழியை ஒரு தகடு பாதி அடைத்து வைத்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது மாதிரி. டீசலில் காற்றை அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை, எரிபொருளின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். அதனால் நெடுந்தூரச் சமதள ஓட்டத்தில்தான் டீசலின் சிக்கனம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

கோடீஸ்வரர் ஆனார், உடைந்துபோனார்

1897 சோதனைக்குப் பிறகு உரிமம் வாங்க உலகம் வரிசையில் நின்றது. அமெரிக்காவின் பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து அமெரிக்க உரிமையை வாங்கினார். ரஷ்யாவில் நோபல் குடும்பம் வாங்கியது. 1898-ல் டீசல் தன் உரிமைகளை ஒரு கம்பெனிக்கு 35 லட்சம் மார்க்குக்கு மாற்றிக்கொடுத்தார். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓடிய இன்ஜின் வாடிக்கையாளர் இடத்தில் மக்கர் செய்தது. உரிமம் வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். கண்டுபிடிப்பு தங்களுடையது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். தலைவலி, தூக்கமின்மை. 1898 இறுதியில் மனநல ஓய்வில்லத்தில் சேர வேண்டிய அளவுக்கு உடைந்துபோனார். கைக்கு வந்த பணத்தை நிலத்தில் போட்டார். அதில் அடி விழுந்தது. வெப்பம் ஒரு துளி வீணாவதைப் பொறுக்காத மனிதருக்குச் சொந்தப் பணம் எந்த ஓட்டை வழியே போகிறது என்று தெரியவில்லை.

1900 பாரிஸ் கண்காட்சியில் இன்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. டீசல் கடலை எண்ணெய்க்காகத்தான் இன்ஜினையே கண்டுபிடித்தார், பெட்ரோலியக் கம்பெனிகள் மாற்றிவிட்டன என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடா வருடம் சுற்றும். அது சரியில்லை. அவர் முதலில் யோசித்தவற்றில் நிலக்கரித் தூள் உண்டு, அங்கீகாரம் பெற்ற சோதனையில் பயன்பட்டது மண்ணெண்ணெய். கடலை எண்ணெய் ஏற்பாடு பிரெஞ்சு அரசு விருப்பப்பட்டு நடந்தது, தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை விளைந்ததால். ஆனால் அந்த யோசனை டீசலுக்குப் பின்னாளில் பிடித்துப்போனது. விவசாயி தன் நிலத்தில் விளைந்த எண்ணெயிலேயே இன்ஜின் ஓட்டலாம் என்று 1912 வாக்கில் பேசிக்கொண்டிருந்தார். பெரிய முதலாளிகளிடம் மட்டும் இருந்த இயந்திர சக்தி சின்னப் பட்டறைக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவரது ஆரம்பகால ஆசை. 1903-ல் தொழிலாளர் கூட்டுறவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அது விற்கவில்லை.

கப்பலுக்கு லாபம், காருக்கு இல்லை

நெடும்பயணத்தில் டீசலின் சிக்கனத்தை உலகுக்கு நிரூபித்தது லாரியோ காரோ அல்ல, கப்பல். 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது. புகைபோக்கியே இல்லாத கப்பலைப் பார்த்து துறைமுகங்களில் கூட்டம் கூடியது. நீராவிக் கப்பல் வழியெல்லாம் நின்று நிலக்கரி ஏற்ற வேண்டும். அதை அள்ளிப்போட ஒரு படையே உள்ளே வியர்வை சிந்த வேண்டும். செலாண்டியாவுக்கு இரண்டுமே வேண்டியதில்லை.

சரி, அதை ஏன் வண்டியில் வைக்கவில்லை? டீசலின் இன்ஜின் எரிபொருளைத் தெளிக்க அழுத்தமான காற்றைப் பயன்படுத்தியது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர். இன்ஜினோடு அதன் எடையையும் சேர்த்தால் சாலை வண்டி தாங்காது. 1908 வாக்கில் லாரிக்கான சிறிய இன்ஜினை டீசல் முயன்று பார்த்தார். எடுபடவில்லை.

1913-ல் கடன் கழுத்தை நெரித்தது. அந்த செப்டம்பரில் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொன்னார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. உள்ளே 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன.

செப்டம்பர் 29 மாலை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். கூட வந்த இரண்டு பேரோடு ராத்திரிச் சாப்பாடு. காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு 10 மணி வாக்கில் அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையவே இல்லை. இரவு உடை எடுத்துவைத்தபடி இருந்தது. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியருகே கிடைத்தன. டைரியில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி மட்டும்.

அக்டோபர் 10-ல் ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. அடையாளம் தெரியாத அளவு சிதைந்திருந்ததால் சட்டைப்பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பா, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு. அவை அப்பாவுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் சொன்னார். வயது 55.

ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய்க் கம்பெனிகள் தள்ளிவிட்டன, அவர் சாகவே இல்லை, கனடாவுக்கு ஓடிவிட்டார் என்றெல்லாம் கதைகள் உண்டு. புத்தகங்களும் வந்தபடி இருக்கின்றன. எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. காலி வங்கிக் கணக்கும் அந்தப் பையும்தான் கையில் இருக்கும் சாட்சிகள். என் வரையில் அவை போதுமானவை.

அவர் பார்க்காத சாலை

டீசலைச் சாலைக்குக் கொண்டுவந்தது அவருக்குப் பின் வந்தவர்கள். கம்ப்ரஸர் இல்லாமல், எரிபொருளையே அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் பம்ப்பை ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927-ல் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பே ஜெர்மனியில் டீசல் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தன. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. 100 கிமீ ஓட அதற்குச் சுமார் 9.5 லிட்டர். அதன் பெட்ரோல் சகோதரனுக்கு 13 லிட்டர். டாக்ஸி ஓட்டுநர்கள் மொய்த்தார்கள். கணக்கை டாக்ஸிக்காரர்களிடம் கொடுத்தால் தப்பாகாது.

இன்றைய பெரிய கப்பல் டீசல் இன்ஜின்கள் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. 73 இன்னும் வரவில்லை. அதோடு, சிக்கனத்துக்குக் காரணமான அதே அழுத்தமும் சூடும்தான் நைட்ரஜன் ஆக்சைடு நச்சையும் உண்டாக்குகின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது அதைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவால் சின்ன டீசல் கார்கள் பல கடையைக் கட்டின. வேன், லாரி, கேரவன் வகையறாவில் டீசல் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. பல பிஎஸ்-6 வண்டிகளில் புகைக்கரியை வடிகட்டும் ஃபில்டர் உண்டு. நகரத்துக்குள்ளேயே அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். தேனி-கம்பம் மாதிரி நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால் தானே எரித்துச் சுத்தமாகிவிடும்.

நிறுத்திவைத்துவிட்டு ஏசிக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட்டினால் அந்த டீசலுக்குக் கிலோமீட்டர் பூஜ்யம். ஷூட்டிங் கேரவன்களின் எரிபொருள் செலவு ஓடிய தூரத்தோடு ஒட்டாமல் போவது இதனால்தான். குமுளி மேலே போய்விட்டால் ராத்திரியில் ஜன்னலைத் திறந்தாலே போதும். சபரிமலை சீசனில் போவதாக இருந்தால் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு நடைமுறையில் இருக்கும். கூடுதல் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது மைலேஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்காக டீசல் எரிந்துகொண்டிருக்கும். காற்று வழியை அடைக்காத டீசல் இன்ஜினுக்கு இயல்பிலேயே இறக்கத்தில் பிடிமானம் கொஞ்சம் குறைவு. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக வைப்பது இதை ஈடுகட்டத்தான். ஏறும்போது தூக்கிய அந்த 20 மெகாஜூலும் இறக்கத்தில் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கியரில் இல்லையென்றால் முழுவதும் பிரேக் டிரம்முக்குத்தான் போகும், ட்ரெய்லர் இருந்தால் 25. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.